ஒரு பெயர், நாலு பாட்டு: ஒரே தலைப்புள்ள பாடல்களைப் பிரித்தறிவது எப்படி?

பாட்டுச் செயலி எதிலாவது 'கண்ணம்மா' என்று தட்டிப் பாருங்கள். குறைந்தது நான்கு பாடல்கள் அதே பெயரோடு வந்து நிற்கும். 'வண்ண வண்ணப் பூக்கள்' (1992) படத்துக்காக இளையராஜா இசையமைத்து எஸ். ஜானகியுடன் பாடியது ஒன்று. 'றெக்க' (2016) படத்தில் டி. இமான் இசையில் நந்தினி ஸ்ரீகர் பாடியது அடுத்தது. 'காலா' (2018) படத்தில் சந்தோஷ் நாராயணன் இசையில் பிரதீப் குமாரும் தீயும் பாடியது மூன்றாவது. 'இஸ்பேட் ராஜாவும் இதய ராணியும்' (2019) படத்தில் சாம் சி.எஸ். இசையில் அனிருத் பாடியது நான்காவது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கு மெட்டுகள், நான்கு பாடல் வரிகள்.

பாட்டுப் பட்டியல் போடுகிறவர்கள், மேடையில் பாடுகிறவர்கள், பழைய பாட்டைத் தேடுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அப்பா கேட்ட 'மலரே' ஒன்று, மகள் போட்டுக் காட்டிய 'மலரே' வேறொன்று. பெயர் ஒன்றாக இருப்பதால் பாட்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்புவதும், படம் வேறு என்பதால் பாட்டும் வேறாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டுவதும் ஒரே அளவுக்குத் தவறாகப் போகும். எது எப்போது என்று கண்டுபிடிக்க இசைப் பயிற்சி தேவையில்லை. தமிழ்ப் பாட்டுக்குப் பெயர் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பெயர் எங்கிருந்து வருகிறது

தமிழ்த் திரைப்பாடலுக்குப் பெரும்பாலும் தனியாகத் தலைப்பு என்று ஒன்று வைப்பதில்லை. கவிதைக்கும் சிறுகதைக்கும் எழுதியவர் தலைப்பு வைப்பார். பாட்டுக்கு அப்படி இல்லை. பல்லவியின் முதல் சில சொற்களே பெயராக நின்றுவிடும். இது சினிமா கொண்டுவந்த பழக்கமும் அல்ல. தேவாரப் பதிகத்தைத் 'தோடுடைய செவியன்' என்றும் 'பித்தா பிறைசூடி' என்றும் முதற்சொற்களால்தானே சொல்கிறோம்? கர்நாடகக் கீர்த்தனைகளும் அப்படியே. கிராமபோன் இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத் தாளில் அச்சானதும் அந்த முதலடிதான். ஆனால் கச்சேரி மேடையில் முதலடியோடு நிறுத்த மாட்டார்கள். ராகம், தாளம், இயற்றியவர் பெயர் எல்லாம் சேர்ந்து வரும். முதலடி மட்டும் போதாது என்பது அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

இதில் தொடக்கநிலையில் இருப்பவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. 'முதலடி' என்றால் காதில் முதலில் விழும் வரி அல்ல, பல்லவியின் முதல் வரி. பல்லவிக்கு முன்னால் தாளக்கட்டு இல்லாமல் வரும் தொகையறா கணக்கில் சேராது. 'பாத காணிக்கை' (1962) படத்தில் டி.எம். சௌந்தரராஜன் பாடிய கண்ணதாசன் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். காதில் முதலில் விழுவது 'ஆடிய ஆட்டமென்ன' என்ற தொகையறா. பாட்டின் பெயரோ 'வீடு வரை உறவு'. தொகையறாவை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பட்டியலில் தேடினால் கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம்.

அண்மைக் காலத்தில் இந்த வழக்கம் மாறிவருகிறது. ஒலித்தொகுப்பு வெளியிடும்போதே பாட்டில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல்லை எடுத்துப் பெயராக வைத்துவிடுகிறார்கள். 'காலா' படத்தின் 'கண்ணம்மா' தொடங்குவது 'பூவாக என் காதல்' என்றுதான். கண்ணம்மா பிறகுதான் வருகிறாள். நாலைந்து சொல் கொண்ட முதலடி பெயராக இருந்தபோது இரண்டு பாட்டுக்கு ஒரே பெயர் அமைவது குறைவு. ஒற்றைச் சொல் பெயரானால் மோதல் கூடத்தான் செய்யும். பழைய பாட்டுகளின் பெயரையும் செயலிகள் வெட்டிச் சுருக்கும்போது, முன்பு தெளிவாகத் தனித்திருந்தவைகூட ஒன்றாகத் தெரிகின்றன.

மூன்று கேள்விகள்

ஒரு பாட்டுக்குள் மூன்று அடுக்கு இருக்கிறது. கவிஞர் எழுதிய வரி, இசையமைப்பாளர் போட்ட மெட்டு, ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடி வாசித்துப் பதிந்த பதிவு. மூன்றும் தனித்தனி. தலைப்பு இந்த மூன்றில் எதுவும் அல்ல. மேலே ஒட்டிய சீட்டு மட்டுமே.

எனவே ஒரே பெயருள்ள இரண்டு பாட்டு கையில் கிடைத்தால் இந்த வரிசையில் கேளுங்கள். வரி ஒன்றா? மெட்டு ஒன்றா? பதிவு ஒன்றா? முதல் இரண்டுக்கும் 'இல்லை' என்றால் அவை வெவ்வேறு பாட்டு. பெயர் தற்செயலாக ஒத்துப்போயிருக்கிறது. வரி ஒன்று, மெட்டு வேறு என்றால் பழைய கவிதைக்குப் புது இசை. வரியும் மெட்டும் ஒன்று, பதிவு மட்டும் வேறு என்றால் மறுபதிவு. பழைய பாட்டின் ஒரு பகுதியை எடுத்து அதன்மேல் புதிதாகக் கட்டியிருந்தால் அதை ரீமிக்ஸ் என்கிறோம். தமிழில் 'ரீமிக்ஸ்' என்ற சொல்லை இந்த எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறார்கள். குழப்பத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

மெட்டு ஒன்றா என்று பார்க்கப் பல்லவியின் முதல் வரியைச் சொல் இல்லாமல் 'ல ல லா' என்று முனகிப் பாருங்கள், இரண்டு பாட்டுக்கும். சொல்லோடு பாடினால் சொல்லின் பரிச்சயம் காதை ஏமாற்றும். தாளவேகத்தை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். ரீமிக்ஸில் முதலில் மாறுவது வேகமும் தாள வாத்தியமும்தான். மெட்டு அப்படியே இருக்கக்கூடும்.

விளிச் சொல் ஏன் இத்தனை முறை வருகிறது

தற்செயலாகப் பெயர் மோதுகிற பாட்டுகளைக் கூர்ந்து பார்த்தால், பெரும்பாலானவை யாரையோ கூப்பிட்டுத் தொடங்குவது தெரியும். கண்ணே, அன்பே, மலரே, உயிரே, நிலவே, கண்ணம்மா, ராசாத்தி. கவிஞர்களுக்குச் சொல் பஞ்சம் என்று இதற்கு அர்த்தமில்லை. திரைப்பாட்டில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும். அந்தச் சந்தத்துக்குள் கவிஞர் சொல்லை அமர்த்த வேண்டும். பல்லவியின் தொடக்கத்தில் பாடகர் ஒரு சுரத்தில் கொஞ்சம் நின்று நீட்ட இடம் வேண்டும். விளியாகும்போது சொல் பெரும்பாலும் 'ஏ' என்றோ 'ஆ' என்றோ நெடிலில் முடியும். நீட்டுவதற்கு அதைவிட வசதி வேறில்லை. யாப்பிலும் பாருங்கள்: மலரே, உயிரே, நிலவே மூன்றும் நிரை நேர், அதாவது புளிமா. அன்பே, கண்ணே இரண்டும் தேமா. கண்ணம்மாவும் ராசாத்தியும் தேமாங்காய். ஒவ்வொரு குழுவிலும் இருப்பவை ஒரே எடையுள்ள சொற்கள் என்பதால் ஒரு சந்தத்தில் ஒன்று உட்காரும் இடத்தில் இன்னொன்றும் உட்காரும். இருப்பதோ பத்துப் பதினைந்து சொற்கள். தொண்ணூறு ஆண்டுக்கும் மேலான திரைப்பாட்டில் அவை திரும்பத் திரும்ப வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

'ராசாத்தி'யைப் பார்ப்போம். 'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்தில் இளையராஜா இசையில் பி. ஜெயச்சந்திரன் பாடியது 'ராசாத்தி உன்னைக் காணாத நெஞ்சு'. ஒன்பது ஆண்டு கழித்து 'திருடா திருடா' (1993) படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ஷாகுல் ஹமீது பாடியது 'ராசாத்தி என் உசிரு'. பிரித்தறிய இரண்டாவது சொல்லே போதும். காதுக்கும் ஓர் அடையாளம் இருக்கிறது: ரஹ்மானின் பாட்டு பெரும்பாலும் மனிதக் குரல்களாலேயே கட்டப்பட்டது, பின்னணியில் நிற்பதும் குரல்தான். ஒருமுறை அதைக் கவனித்துக் கேட்டவர்கள் அப்புறம் மாற்றிச் சொல்லவே மாட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வரிசை 'மலரே'. 'டாக்டர் சிவா' (1975) படத்தில் எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் கே.ஜே. யேசுதாசும் எஸ். ஜானகியும் பாடியது 'மலரே குறிஞ்சி மலரே'. 'கர்ணா' (1995) படத்தில் வித்யாசாகர் இசையில் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் அதே ஜானகியும் பாடியது 'மலரே மௌனமா'. 'பிரேமம்' (2015) என்ற மலையாளப் படத்தில் ராஜேஷ் முருகேசன் இசையில் விஜய் யேசுதாஸ் பாடியது 'மலரே'. தமிழ்நாட்டிலும் அதைத் தமிழ்ப் பாட்டைப் போலவே கொண்டாடினார்கள். சரியாக இருபது இருபது ஆண்டு இடைவெளி. முதல் இரண்டிலும் ஜானகியின் குரல், முதலிலும் கடைசியிலும் தந்தையும் மகனும். இதனால் 'யேசுதாஸ் பாடிய மலரே' என்று தேடினால் 1975-இன் பாட்டும் 2015-இன் பாட்டும் கலந்து வரும். 'ஜானகி பாடிய மலரே' என்றால் 1975-உம் 1995-உம். பாடியவர் பெயரை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வரி ஒன்று, மெட்டு வேறு

இந்த வகைக்கு வாசல் பாரதியார். 1949-இல் அன்றைய சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புரிமையைக் கையகப்படுத்தியது. பின்னர் அது எல்லோருக்கும் பொதுவானது. அவர் 1921-இல் மறைந்தவர் என்பதால் சட்டக் கணக்கிலும் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆகவே எந்த இசையமைப்பாளரும் அவர் கவிதைக்கு மெட்டுப் போடலாம். 'சின்னஞ்சிறு கிளியே கண்ணம்மா' 'மணமகள்' (1951) படத்தில் சி.ஆர். சுப்பராமன் இசையில் எம்.எல். வசந்தகுமாரி, வி.என். சுந்தரம் குரல்களில் ராகமாலிகையாக வந்தது. 'காற்று வெளியிடைக் கண்ணம்மா' 'கப்பலோட்டிய தமிழன்' (1961) படத்தில் ஜி. ராமநாதன் இசையில் பி.பி. ஸ்ரீனிவாஸ், பி. சுசீலா குரல்களில் வந்தது. மேடையிலும் வானொலியிலும் இவற்றை வேறு மெட்டுகளில் பாடக் கேட்கலாம். பாரதி பாட்டைத் தேடும்போது பாட்டின் பெயர், படம் இரண்டையும் சேர்த்தே தட்ட வேண்டும். படம் இல்லாவிட்டால் இசையமைத்தவர் பெயர்.

பாரதியிடமே இன்னொரு நுணுக்கமும் கிடைக்கும். 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) படத்தில் ரஹ்மான் இசையில் ஹரிஹரன் பாடிய 'சுட்டும் விழிச்சுடர்தான்' பாரதியின் வரி. ஐந்தாண்டு கழித்து 'கஜினி' (2005) படத்தில் ஹாரிஸ் ஜெயராஜ் இசையில் வந்த 'சுட்டும் விழிச்சுடரே' நா. முத்துக்குமார் எழுதியது. முதலடியை மட்டும் பாரதியிடமிருந்து எடுத்துக்கொண்டு மற்றதெல்லாம் புதிதாக எழுதப்பட்ட பாட்டு. இதற்குப் பாரதியைப் பாடலாசிரியராகக் குறித்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. முதலடி ஒத்துப்போனால் நிறுத்திவிடாமல் முதல் சரணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எடுத்தாண்டது ஒரு தொடரா, முழுப் பாட்டா என்பது அங்கே வெளிப்பட்டுவிடும்.

சினிமாவுக்குள்ளேயே பழைய வரிக்குப் புது மெட்டு போட்டதும் உண்டு. 'படகோட்டி' (1964) படத்துக்கு வாலி எழுதிய 'தொட்டால் பூ மலரும்' விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் சௌந்தரராஜனும் சுசீலாவும் பாடியது. 'நியூ' (2004) படத்தில் ரஹ்மான் வாலியின் வரிகளை வைத்துக்கொண்டு மெட்டை மாற்றி, ஹரிஹரன், ஹரிணி குரல்களில் தந்தார். இதையும் ரீமிக்ஸ் என்றே சொல்கிறார்கள். முனகிப் பார்க்கும் சோதனையைச் செய்தால் வேறு மெட்டு என்று உடனே தெரியும்.

மறுபதிவும் ரீமிக்ஸும்

மறுபதிவுக்குச் சுத்தமான எடுத்துக்காட்டு 'புத்தம் புது காலை'. 'அலைகள் ஓய்வதில்லை' (1981) இசைத்தட்டில் ஜானகி குரலில் வந்த பாட்டு. படத்தில் அது இடம்பெறவில்லை. முப்பத்து மூன்று ஆண்டு கழித்து இளையராஜாவே அதை 'மேகா' (2014) படத்துக்காகப் புதிய குரலில் மறுபடி பதிவு செய்தார். வரி அதே, மெட்டு அதே, இசையமைப்பாளரும் அவரே. மாறியது பதிவு மட்டுமே.

ரீமிக்ஸ் அலை 'குறும்பு' (2003) படத்தோடு வேகமெடுத்தது. 'அடுத்த வாரிசு' (1983) படத்துக்காக இளையராஜா இசையமைத்த 'ஆசை நூறு வகை'யை அதில் யுவன் ஷங்கர் ராஜா எடுத்தாண்டார். தமிழின் முதல் ரீமிக்ஸ் என்று பரவலாகச் சொல்லப்படுவது இதுதான். 2007 ஒரே ஆண்டில் மட்டும் பாருங்கள்: 'சாரங்கதரா' (1958) படத்தின் 'வசந்த முல்லை' 'போக்கிரி'யில் வந்தது, 'சொர்க்கம்' (1970) படத்தின் 'பொன்மகள் வந்தாள்' 'அழகிய தமிழ்மகன்' படத்தில், 'நினைத்தாலே இனிக்கும்' (1979) படத்தின் 'எங்கேயும் எப்போதும்' 'பொல்லாதவன்' படத்தில், 'பில்லா' (1980) படத்தின் 'மை நேம் இஸ் பில்லா' புதிய 'பில்லா'வில். கடைசியாகச் சொன்னதில் பாட்டின் பெயரும் படத்தின் பெயரும் சேர்ந்தே ஒன்று. அங்கே ஆண்டு இல்லாமல் வேலை நடக்காது.

சினிமாவுக்கு வெளியே, மலேசியத் தமிழரான யோகி பி நட்சத்திரா குழுவோடு சேர்ந்து 2006-இல் 'வல்லவன்' தொகுப்பில் கொண்டுவந்த 'மடை திறந்து' இருக்கிறது. 'நிழல்கள்' (1980) படப் பாட்டின் பல்லவியைச் சுற்றி முழுக்கப் புதிய ராப் வரிகள். இப்படிப்பட்ட பாட்டைக் குறிக்கும்போது இரண்டு கவிஞர், இரண்டு இசை என்று எழுதுவதுதான் நியாயம். பல்லவி வாலியுடையது, ராப் பகுதி புதியவர்களுடையது.

பாட்டும் படமும் ஒரே பெயரில்

முதல் எழுத்து முதல் கடைசி எழுத்துவரை சரியாகத் தட்டியும் தவறான பாட்டு வருகிறதா? பாட்டின் பெயர் பிறகு ஒரு படத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'காதல் ஓவியம்' என்ற பாட்டு 'அலைகள் ஓய்வதில்லை'யில் (1981) இருக்கிறது. 'காதல் ஓவியம்' என்ற படம் 1982-இல் வந்தது. இரண்டுக்கும் இயக்குநர் பாரதிராஜா, இசை இளையராஜா. 'உயிரே' இன்னும் மோசம். 'பம்பாய்' (1995) படத்தில் 'உயிரே உயிரே' என்று ஒரு பாட்டு. 1998-இல் 'உயிரே' என்றே ஒரு படம், அதற்குள் 'என்னுயிரே' என்று வேறொரு பாட்டு. இரண்டு படத்துக்கும் இயக்கம் மணிரத்னம், இசை ரஹ்மான், நாயகி மனிஷா கொய்ராலா. இயக்குநரையோ இசையமைப்பாளரையோ நடிகரையோ சேர்த்துத் தட்டிப் பலனில்லை. 'பம்பாய் உயிரே' என்று படத்தை முன்னால் வைத்துத் தட்டுவதுதான் வழி.

இது தமிழுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. ஆங்கிலப் பாப் இசையில் 'தி பவர் ஆஃப் லவ்' என்ற பெயரில் ஏறத்தாழ ஓராண்டுக்குள் மூன்று வெவ்வேறு பாட்டுகள் பெரிய வெற்றி பெற்றன. 1984 டிசம்பரில் ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் பாட்டு பிரிட்டனில் முதலிடம். 1985-இல் ஹ்யூயி லூயிஸ் குழுவின் பாட்டு அமெரிக்காவில் முதலிடம். 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்தில் வருவது இதுதான். அதே 1985-இல் ஜெனிபர் ரஷ் பாடியது பிரிட்டனில் முதலிடம். பிறகு செலின் டியான் பாடி 1994-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது நான்காவது பாட்டு அல்ல, ஜெனிபர் ரஷ் பாட்டின் மறுபதிவு. மூன்று பாட்டு, நான்கு பதிவு. அங்கே படப் பெயர் என்ற கைப்பிடி பெரும்பாலும் கிடைக்காது. பாடியவர் பெயரை வைத்தே பிரிக்கிறார்கள். நமக்குப் படம் இருப்பது பெரிய வசதி.

குறித்து வைப்பது எப்படி

ஒரு பாட்டைக் குறிக்க ஐந்து தகவல் போதும்: பல்லவியின் முதல் நான்கைந்து சொல், படம், ஆண்டு, இசை, குரல். 'ராசாத்தி' என்று எழுதாமல் 'ராசாத்தி உன்னைக் காணாத நெஞ்சு – வைதேகி காத்திருந்தாள் – 1984 – இளையராஜா – ஜெயச்சந்திரன்' என்று எழுதிவிட்டால் யாரும் அதை வேறு பாட்டோடு மாற்றிக்கொள்ள முடியாது. அவசரத்தில் சுருக்க வேண்டுமானால் முதலில் குரலை விடுங்கள், அடுத்து இசையை. சொற்களையும் படத்தையும் மட்டும் விடாதீர்கள்.

ஆண்டுதான் அதிகம் தவறாகும் இடம். செயலிகளில் காட்டும் ஆண்டு பல நேரங்களில் அந்தத் தொகுப்பு எண்ணிம வடிவில் ஏற்றப்பட்ட ஆண்டு. 'காதல் பாடல்கள்' போன்ற தொகுப்புக்குள் இருக்கும் 1964-இன் பாட்டுக்கு இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டு போட்டிருக்கும். டிசம்பரில் பாட்டு வந்து பொங்கலுக்குப் படம் வந்திருந்தால் ஓராண்டு வேறுபடும். படம் வெளியான ஆண்டையே எப்போதும் எழுதுவது என்று முடிவு செய்துகொண்டால் பட்டியல் சீராக இருக்கும்.

குரல் கட்டத்தில் வேறு சிக்கல். பல செயலிகள் 'கலைஞர்' என்ற இடத்தில் இசையமைப்பாளரை முதலில் போடுகின்றன. இளையராஜா, அனிருத் போன்றவர்கள் பாடவும் செய்வதால், அங்கே அவர் பெயர் இருப்பதை வைத்துப் பாடியதும் அவரே என்று எழுதிவிடுகிறார்கள். பாட்டைக் கேட்காமல் அந்தக் கட்டத்தை நிரப்பவே கூடாது.

ஆங்கில எழுத்தில் தேடுகிறவர்களுக்கு எழுத்துக்கூட்டல் பெரிய தலைவலி. 'ராசாத்தி'யில் 'ரா'வுக்கு ஒரு 'ஏ'யா இரண்டா, 'சா'வுக்கு ஒன்றா இரண்டா, 'த்தி'க்கு ஒரு 'டி'யா இரண்டா என்று பார்த்தாலே எட்டு விதமாக எழுதலாம். ஒன்றில் கிடைக்கவில்லை என்றால் பாட்டே இல்லை என்று நினைக்க வேண்டாம். தமிழ் எழுத்தில் ஒருமுறை, நெடில் குறைத்து ஒருமுறை, படப் பெயரை மட்டும் போட்டு ஒருமுறை தேடுங்கள். மூன்றாவது முயற்சி பெரும்பாலும் கைகொடுக்கும்.

பெயரே தெரியாமல் காதில் விழுந்த பாட்டுக்கு ஷசாம் போன்ற செயலி உதவும். அது தேடுவது பதிவை. அதாவது அந்த ஒலிப்பதிவின் கைரேகையை. கல்யாண மேடையில் ஒருவர் பாடுவதை அது கண்டுபிடிக்காது, அல்லது தவறாகச் சொல்லும். கூகுளில் முனகித் தேடும் வசதி மெட்டைத் தேடுகிறது. அதனால் அசல் எது, ரீமிக்ஸ் எது என்று அதனால் பிரிக்க முடியாமல் போகலாம். இரண்டும் ஒரே மெட்டு. நினைவில் நிற்கும் ஒரு சரண வரியைத் தட்டித் தேடினால் அது வரியைத் தேடுவது. மூன்று கருவிக்கும் மூன்று அடுக்கு.

மேடைக்குக் கரோக்கி வாங்குகிறவர்கள் பெயரோடு நிமிடக் கணக்கையும் பாருங்கள். அசல் பதிவு நாலரை நிமிடம், கரோக்கி மூன்று நிமிடம் என்றால் ஒன்று சரணம் வெட்டப்பட்டிருக்கிறது, அல்லது அது வேறு பாட்டு. முன்னிசையை முப்பது விநாடி கேட்காமல் பணம் கட்ட வேண்டாம். ரீமிக்ஸ் கரோக்கியில் அசலைப் பாடப் போய், ராப் வரவேண்டிய இடத்தில் வெறுமனே நிற்கும்படி ஆகிவிடும்.

ஒரே பெயர் வைக்கலாமா?

தாராளமாக. தலைப்புக்கு மட்டும் தனியாகப் பதிப்புரிமை கிடையாது. 'தேசி பாய்ஸ்' என்ற இந்திப் படத் தலைப்பு தொடர்பான வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. நீங்கள் புதிதாக எழுதி மெட்டுப் போட்ட பாட்டுக்குக் 'கண்ணம்மா' என்று பெயர் வைத்தால் யாரும் தடுக்க முடியாது.

உரிமை இருப்பது அந்த மூன்று அடுக்குகளில்தான், மூன்றுக்கும் காலக்கணக்கு வேறு. வரிக்கும் மெட்டுக்கும் ஆக்கியவர் மறைந்த பின் 60 ஆண்டு. கூட்டாக ஆக்கியிருந்தால் கடைசியாக மறைந்தவரிலிருந்து. பதிவுக்கு வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டு. மீண்டும் 'தொட்டால் பூ மலரும்' எடுத்துக்கொள்வோம். இசைத்தட்டு 1964-லேயே வெளியாகியிருந்தால் அந்தப் பதிவின் உரிமை 2024 முடிவோடு தீர்ந்தது. வாலி மறைந்தது 2013-இல். வரியின் உரிமை 2073 முடியும்வரை. ராமமூர்த்தி 2013-இலும் விஸ்வநாதன் 2015-இலும் மறைந்தார்கள். மெட்டின் உரிமை 2075 முடியும்வரை. பழைய பாட்டுதானே, உரிமை போயிருக்கும் என்று எடுத்துப் பாடி வெளியிட்டுவிட்டு மாட்டிக்கொள்வது, மூன்றையும் ஒன்றாக நினைப்பதால்தான்.

அனுமதி கேட்டு எழுதும்போது தலைப்பை மட்டும் எழுதினால் வேறு பாட்டுக்கு அனுமதி வந்து சேரும். இதற்காகத்தான் இரண்டு எண்கள் இருக்கின்றன. பதிவுக்குரியது ஐஎஸ்ஆர்சி: பன்னிரண்டு இடம், அதில் முதல் ஐந்து நாட்டையும் பதிந்தவரையும் குறிக்கும், அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி ஐந்து வரிசை எண். வரியும் மெட்டும் சேர்ந்த ஆக்கத்துக்குரியது ஐஎஸ்டபிள்யூசி: 'டி' எழுத்தில் தொடங்கி ஒன்பது இலக்கமும் ஒரு சரிபார்ப்பு இலக்கமும். அசல் பாட்டுக்கும் அதன் மறுபதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி வேறாக இருக்கும், ஐஎஸ்டபிள்யூசி ஒன்றாக இருக்கும். பெயர் மட்டும் ஒத்த இரண்டு பாட்டுக்கு இரண்டுமே வேறு. நீங்களே பாடி யூடியூபில் ஏற்றிய 'மலரே'க்கு உரிமைக் கோரிக்கை வந்தால், எதிர்த்து எழுதும் முன் கோரப்பட்டது எந்தப் பாட்டு, கோரியது மெட்டையா பதிவையா என்று பாருங்கள். மெட்டு என்றால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். பதிவு என்றால், பாடியதும் வாசித்ததும் நீங்கள்தான் என்பதைக் காட்டி மறுக்க உங்களுக்கு வழி இருக்கிறது.